"முழுவதும் ஒப்புக்கொடுத்தேன், ஏன் நிற்கவில்லை?" என்ற கேள்விக்கு

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதன்மேல் கொழுந்தனாரோடு பாகப்பிரிவினை வழக்கு, ஊரை விட்டுப் போகத் துடிக்கிற ஒரு மகன். மூன்று நாள் உபவாசக் கூட்டத்தின் கடைசி இரவில் முன்னால் போய் முழங்காலிட்டு, "ஆண்டவரே, என்னை முழுவதும் தருகிறேன்" என்று அழுதிருக்கிறார். இரண்டு வாரம் மனம் லேசாக இருந்தது. மூன்றாவது வாரம் வாய்தா வந்தது, கொழுந்தனாரோடு வாய்த்தகராறு வந்தது, பழைய பயமும் கோபமும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. "நான் கொடுத்தது பொய்யா? மறுபடியும் முன்னால் போக வேண்டுமா? ஒப்புக்கொடுத்தவள் வழக்கை விட்டுவிடத்தான் வேண்டும் என்கிறார்களே, அது சரியா?" இவைதான் கேள்விகள்.

பொய்யில்லை, சகோதரி. மறுபடி முன்னால் போகவும் வேண்டாம். நீங்கள் "முழுவதும்" என்ற ஒரே சொல்லில் கொடுத்தீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அன்றிரவு யாரும் உங்களைக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் எது திரும்பி வந்ததோ, அது அன்று பெயர் சொல்லி வைக்கப்படாத பொருள்.

லேவியராகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து சர்வாங்க தகனபலி எப்படிச் செலுத்தப்பட்டது என்று பாருங்கள். பலிகளிலேயே முழுப் பலி அதுதான்; இறைச்சியில் கொடுத்தவனுக்கும் பங்கில்லை, ஆசாரியனுக்கும் பங்கில்லை. ஆனால் மிருகத்தை அப்படியே தூக்கி நெருப்பில் போடவில்லை. கொண்டுவந்தவன் அதன் தலையில் கையை வைக்கிறான். கொன்று, தோலுரித்து, "சந்துசந்தாக" வெட்டுகிறான். குடலும் கால்களும் தண்ணீரில் கழுவப்படுகின்றன. பிறகு ஆசாரியர்கள் துண்டங்களையும் தலையையும் கொழுப்பையும் கட்டைகளின்மேல் அடுக்குகிறார்கள். முழுப் பலிதான், ஆனால் மூட்டுமூட்டாகப் பலிபீடம் ஏறுகிறது. ரோமர் 12:1-ல் உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் எழுதும்போது, இந்தப் பலிபீடம் தெரிந்த ஒரு யூதர் எழுதுகிறார் என்பதை மறக்கக் கூடாது. கண், நாக்கு, கை, கால், நேரம், பணம் என்று ஒவ்வொன்றாகத்தான் அது நடக்கும்.

அதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளை இருக்கிறது. பிரசங்கங்களில் "அக்கினி அவிந்துபோகலாகாது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தின வசனங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆசாரியன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு முதலில் சாம்பலை எடுக்க வேண்டும். அதைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் கொட்ட வேண்டும். உடை மாற்றிக்கொண்டு பாளயத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். காலைதோறும் புதிய கட்டைகளைப் போட வேண்டும். மார்கழிக் காலையில் விறகடுப்பு மூட்டுகிற மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்றைய சாம்பலை அள்ளாமல் அதன்மேலேயே சீகை விறகை அடுக்கினால் அடியில் காற்றுப் புகாது. ஒரு மணி நேரம் ஊதினாலும் புகைதான் வரும், கண்தான் எரியும். சாம்பலை அள்ளிவிட்டு, அடியில் கிடக்கிற இரண்டு கங்குகளை ஒதுக்கி, மேலே சுள்ளி வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மூன்றாவது வாரம் நடந்தது இதுதான். நெருப்பு அணையவில்லை. இருபது நாள் சாம்பல் அள்ளப்படவில்லை.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ் விசுவாசிகள் பலரை அது வருஷக்கணக்கில் வதைத்திருக்கிறது. மாற்கு 8:34 நம் பழைய வேதாகமத்தில் "தன்னைத்தான் வெறுத்து" என்று இருக்கிறது. இதைக் கேட்டு, தன்னை அருவருப்பதும், நல்ல சேலை கட்டினால் குற்ற உணர்ச்சி கொள்வதும், யார் என்ன சொன்னாலும் வாய் திறக்காமல் இருப்பதும்தான் ஒப்புக்கொடுத்தல் என்று நினைத்தவர்கள் ஏராளம். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல் "மறுதலித்தல்". அதே மாற்கு, பதினாலாம் அதிகாரத்தில் "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்" என்று இயேசு பேதுருவிடம் சொல்லும் இடத்திலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அங்கே தமிழில் சரியாக வந்திருக்கிறது, இங்கே "வெறுத்து" என்று ஆகிவிட்டது. கத்தோலிக்கத் திருவிவிலியம் "தன்னலம் துறந்து" என்கிறது. அது இன்னும் நெருக்கம். பேதுரு என்ன செய்தார்? "அந்த மனுஷனை எனக்குத் தெரியாது" என்றார். அதையே நமக்குள்ளிருந்து உத்தரவு போடுகிற "நான்" என்பவனிடம் சொல்ல வேண்டும். "என்னை அவமானப்படுத்திவிட்டார், பதிலுக்குச் சொல்லியே தீர வேண்டும்" என்று அவன் வந்து நிற்கும்போது, "உன் அதிகாரம் இங்கே செல்லாது, உன்னை அறியேன்" என்பதே மறுதலித்தல். தன்மேல் வெறுப்பு இதில் எங்குமில்லை. லூக்கா இதே வசனத்தில் "அனுதினமும்" என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார். ஒரே இரவில் முடிகிற வேலையில்லை என்பதற்கு அதுவே போதும்.

இனி எப்படிச் செய்வது என்பது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம் வேண்டும். பொருள், ஆட்கள், பெயர், நாளை என்று நான்கு தலைப்புகள் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும், எதை யாராவது தொட்டால் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதோ அதை எழுதுங்கள். "குடும்பம்" என்று எழுதினால் பயனில்லை. "மகன் கோயம்புத்தூர் போனால் சபைக்குப் போகமாட்டான் என்ற பயம்" என்று எழுதுங்கள். "சொத்து" வேண்டாம், "ஓடைப்பக்கத்து அரை ஏக்கர்" என்று எழுதுங்கள். "மானம்" வேண்டாம், "கொழுந்தனார் வீட்டார் முன்னால் தோற்றவளாக நிற்பது" என்று எழுதுங்கள். பதினைந்து, இருபது வரி வந்தால் நியாயமான பட்டியல். ஐந்து வரியில் முடிந்தால் இன்னும் பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதில் ஒரே ஒரு வரியை எடுங்கள். மிகப் பெரியதை எடுக்காதீர்கள். உடம்பு பழகுவதற்கு முன் பெரிய சுமையைத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், மனதுக்கும் அப்படித்தான்.

எடுத்த வரியை உண்மையில் கொடுக்கத் தயாரா என்று சோதிக்க, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் வைத்த ஒரு சோதனை போல வேறொன்று கிடைப்பது அரிது. பழனி மலையில் செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் வேர் அந்தப் பயிற்சிகள்தான். அந்தச் சபையில் சேருகிற எவரும் சுமார் முப்பது நாள் மௌனமாக அவற்றைச் செய்தாக வேண்டும். நான் சொன்ன சோதனையில் மூன்று வகை மனிதர்கள் வருகிறார்கள். மூவரிடமும் பத்தாயிரம் பொற்காசு இருக்கிறது. கடவுள்மேல் வைத்த அன்புக்காகவே சம்பாதித்தது என்று சொல்ல முடியாத பணம். மூவருக்கும் மனதில் பாரமாக இருக்கிறது. முதல் ஆள், இந்தப் பற்று போனால் நல்லது என்கிறான். சாகும்வரை அதற்காக ஒரு அடியும் எடுத்துவைப்பதில்லை. இரண்டாம் ஆள், பற்று போகட்டும், பணம் இருக்கட்டும் என்கிறான். தான் இருக்கிற இடத்துக்குக் கடவுள் வர வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. மூன்றாம் ஆள், வைத்திருக்கவும் தயார், விடவும் தயார், கடவுளுக்கு எது அதிக ஊழியமோ அது மட்டும் போதும் என்கிறான். அந்த மூன்றாம் ஆள் பணத்தை விட்டுவிட்டான் என்று இஞ்ஞாசியார் சொல்லவில்லை. இரண்டுக்கும் தயாராக இருக்கிறான் என்றுதான் சொல்கிறார். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் ஆள். அதை நோட்டில் நேர்மையாக எழுதிவிடுவதே பாதி வேலை.

பிறகு ஜெபம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "உம் சித்தம் ஆகட்டும்" என்பதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார்கள். கெத்செமனேயில் இயேசு அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்பதுதான் முதலில் வருகிறது, "ஆயினும்" அதற்குப் பிறகு வருகிறது. மத்தேயு எழுதியபடி அவர் மூன்று தரம் போய் ஜெபித்தார். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டுமென்று பவுலும் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். ஆகையால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் வாய்விட்டு, வெட்கமில்லாமல் கேளுங்கள். "அந்த அரை ஏக்கர் எனக்கு வேண்டும் ஆண்டவரே, அது என் கணவர் நட்ட செடி." கேட்டு முடித்துக் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, அதன்பின் "ஆயினும்" சொல்லுங்கள். கேட்காமலே விட்டுக்கொடுத்தால் அது ஒப்புக்கொடுத்தலாக நிற்காது; ஆசை உள்ளே உறைந்து கிடக்கும், முதல் சண்டையில் உருகி வெளியே வரும்.

கைகளை விரித்து வைத்து ஜெபிப்பது நல்லது. இது சடங்குக்காகச் சொல்வதில்லை; மூடிய கையோடு "எடுத்துக்கொள்ளும்" என்று சொல்வது உடம்புக்கே பொருந்தாது. அதே நாளுக்குள் அந்த வரியைச் சார்ந்த ஒரு சின்னக் காரியத்தையும் செய்துவிடுங்கள்: திருப்பித் தர வேண்டியதைத் தருவது, ஒரு போன், ஒரு மன்னிப்பு. செயல் இல்லாத ஒப்புக்கொடுத்தல் ஒரு வாரம் தாங்குவதும் கடினம்.

சாம்பல் அள்ளுவது காலையில் மூன்று நிமிஷ வேலை. எழுந்ததும், போன் பார்ப்பதற்கு முன், "நேற்றுக் கொடுத்த இந்த வரியை இன்றும் தருகிறேன்" என்று பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். கத்தோலிக்கர்களின் காலை ஒப்புக்கொடுத்தல் செபம் இதற்காகவே இருக்கிறது. அதில் இந்த ஒரு வரியை நுழைத்துக்கொண்டால் போதும். இரவில் பத்துப் பதினைந்து நிமிஷம்: நாளுக்கு நன்றி, பார்க்க வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். இந்த ஐந்து படிகளும் இஞ்ஞாசியாரின் வரிசைதான். சோர்வாக இருக்கும் இரவில் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் செய்யுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒரு வரியோடு மூன்று, நான்கு வாரம் இருங்கள். அதன்பின் அடுத்தது.

திரும்பி வருகிற பயத்தை என்ன செய்வது? ஆதியாகமம் 15-ல் ஆபிராம் மிருகங்களைப் பிளந்து வைத்துக் காத்திருக்கிறார். பறவைகள் இறங்குகின்றன, ஆபிராம் துரத்துகிறார். பறவை இறங்கியதால் பலி செல்லாமல் போகவில்லை. அவர் எழுந்து மறுபடி முதலிலிருந்து வெட்டவுமில்லை. துரத்தினார், அவ்வளவுதான். நாளில் முப்பது தரம் கவலை வந்தால் முப்பது தரமும் "அது கொடுத்தாயிற்று" என்று சொல்லி வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒப்புக்கொடுக்கத் தொடங்கினால், முதல் தடவை கொடுத்தது செல்லவில்லை என்று நீங்களே சாட்சி சொல்வது போல ஆகிவிடும்.

சில காலம் ஜெபமே கட்டையாக இருக்கும். ஆறுதல் அற்ற காலத்தில், ஆறுதலாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. கவாத்து வெட்டின தேயிலையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஒன்றுமில்லாமல் வெறும் குச்சியாக நிற்கும். மாதக்கணக்கில் ஒரு கிலோ இலை கிடைக்காது. அந்த நேரத்தில் யாரும் செடியைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போடுவதில்லை. ஆனால் வேரில் சத்தில்லாத செடியைக் கவாத்து செய்தால் அது பட்டுப்போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், துக்கம் ஆறாமல் இருக்கிற காலத்தில் பெரிய தியாகங்களைத் தலைமேல் போட்டுக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய காரியம். அவர் தரும் மாத்திரையைச் சாப்பிடுவது ஒப்புக்கொடுத்தலுக்கு விரோதமில்லை. எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டியதும் நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார்.

பொருத்தனையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். "வழக்கு ஜெயித்தால் இவ்வளவு தருகிறேன்" என்பது பொருத்தனை. வேதத்தில் அதற்கும் இடமுண்டு, அன்னாள் பண்ணினாள், பண்ணியபடி கொடுத்தாள். ஆனால் அது நிபந்தனையோடு வருவது. நிபந்தனையோடு ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் "முழுவதும் உம்முடையது" என்று சொல்ல முடியாது.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. ஒப்புக்கொடுப்பது கடவுளுக்கு மட்டும். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்கோ, பத்திரத்தை எழுதிக் கொடு என்று கேட்கிற ஊழியருக்கோ, "விசுவாசி என்றால் பேசாமல் இரு" என்று வாயடைக்கிற உறவினருக்கோ பணிந்துபோவது அதில் சேராது. அப்போஸ்தலர் 5:4-ல் பேதுரு அனனியாவிடம் சொன்னதைக் கவனியுங்கள்: விற்குமுன்னே அது உன்னுடையதாய் இருக்கவில்லையா, விற்ற பின்பும் உன் வசத்தில் இருக்கவில்லையா? யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்சம் வைத்துக்கொண்டு முழுவதும் என்று காட்டியதுதான் அவன் பாவம். கூட்டம் முடிந்த சூட்டில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்; ஒரு மாதமாவது போகட்டும், குடும்பத்துக்கு வெளியே விவரமறிந்த ஒருவர் படிக்கட்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் சுமார் 1,800 பேரை, தேவனுக்கே ஊழியம் செய்வோம் என்கிற உடன்படிக்கைக்கு அழைத்தபோதுகூட, முந்தின வாரமே விளக்கிச் சொல்லி, ஒரு உபவாச நாளும் வைத்து, ஆகஸ்ட் 11-ஆம் தேதி மாலையில்தான் அதைச் செய்யச் சொன்னார். நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் புதுவருஷத்தையொட்டி நடக்கிற உடன்படிக்கை ஆராதனைக்கு வேர் அங்கே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அதில் புதுப்பித்துக்கொள்வது, மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்தில் முன்னால் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கடைசியாக வழக்கு. விசுவாசி வழக்காடவே கூடாது என்பவர்கள் 1 கொரிந்தியர் 6:7-ஐக் காட்டுவார்கள். ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் அங்கே கேட்பது உண்மைதான். அதே பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியிலிருந்து தப்பினார், ரோமப் பேரரசனான இராயனுக்கு மேல்முறையீடும் செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: அந்த ஒன்றரை ஏக்கரில் உங்கள் மகனுக்கும் பங்கு இருக்கிறது. செலவில்லாமல் கிடைத்ததைத் தேவனுக்குப் பலியிடமாட்டேன் என்று சொல்லி, தாவீது அர்வனாவின் களத்தை ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். மகனுடைய பங்கை நீங்கள் விட்டுக்கொடுத்தால் அது அவன் செலவில் நீங்கள் செலுத்துகிற பலி. அதைக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

ஆகவே வழக்கை விடலாமா, நடத்தலாமா, சமாதானம் பேசலாமா என்பதை ஒரு அமைதியான நாளில் முடிவு செய்யுங்கள். வாய்தாவுக்கு முந்தின இரவில் வேண்டாம். நோட்டில் ஒவ்வொரு வழிக்கும் இருக்கிற நன்மை தீமைகளை எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். மரணப் படுக்கையில் எந்த முடிவை எடுத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும் என்றும் பாருங்கள். எடுத்த முடிவை ஜெபத்தில் வைத்து, சில நாள் பொறுத்து, வக்கீலிடம் பேசுங்கள். வழக்கை நடத்துவதென்று ஆனால், தீர்ப்பு இரண்டு பக்கமும் போகலாம் என்பதைத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும். காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது உங்கள் வேலை.

முதல் வரியாக வழக்கை எடுக்க வேண்டாம். மகனையும் வேண்டாம். வாய்த்தகராறில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் என்கிற அந்த ஒன்றை எடுங்கள். அடுத்த முறை கொழுந்தனார் வேலியோரம் நின்று பேசும்போது, சொல்ல வேண்டிய நியாயத்தை ஒரு தரம் சொல்லிவிட்டு, கடைசி வார்த்தையை அவரிடமே விட்டுவிட்டு இலை பறிக்கப் போங்கள். இரவில் அந்த வரிக்குப் பக்கத்தில் தேதியைப் போடுங்கள்.